உருவகம் யாருடையது?

சிறுகதை ஒன்றைப் படித்து முடித்தவுடன் நம்மில் பலரும் கேட்கும் முதல் வினா, "இது எதைக் குறிக்கிறது?" என்பதே. கதையில் பழைய குடை ஒன்று வந்தால் அது பாதுகாப்பு. வாடிய செடி வந்தால் முதுமை. பூட்டிய கதவு வந்தால் மூடிய மனம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் கண்டு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் கதை விளங்கிவிட்டதாக நிறைவு கொள்கிறோம். பள்ளித் தேர்வில் 'பொருத்துக' என்னும் பகுதிக்கு விடை எழுதிய பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை போலும்!

இப்பழக்கம் நமக்கு ஓரளவு நல்ல இடத்திலிருந்தே வந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. விதைப்பவர் உவமையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாதையோரம் எது, பாறை நிலம் எது, முட்செடி எது என்று ஆண்டவரே தம் சீடருக்கு விளக்குவதை மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆனால் அவ்வாறு விளக்கம் பெற்ற உவமைகள் மிகச் சிலவே. ஊதாரி மைந்தனின் கதைக்கு அவர் விளக்கம் எதுவும் தரவில்லை. பன்றிகள் தின்ற நெற்று எதன் அடையாளம் என்று நாம் ஆராயத் தொடங்குமுன், அது பசித்தவன் ஒருவன் ஆசையோடு பார்த்த நெற்று என்பதை உணர வேண்டாமா? மூத்த மகன் இறுதியில் விருந்துக்கு உள்ளே போனானா என்பதும் சொல்லப்படவில்லை. கதை அவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

உவமை ஒன்றைப் போல மற்றொன்று என்று சொல்லும்; உருவகம் அதுவே இது என்று சொல்லும். இவ்வளவும் நம் அணியிலக்கணம் கற்பித்த பாடம். சிறுகதையில் உருவகம் ஒரு சொற்றொடரில் முடிவதில்லை. ஒரு பொருள் கதைமாந்தரின் பக்கத்திலேயே இருந்து, அவர் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்து, சிறிது சிறிதாக அவருடைய வாழ்வை ஏற்றுக்கொள்கிறது. அதைக் கண்டவுடன் "எதைக் குறிக்கிறது?" என்று கேட்பதைவிட, "இந்த உருவகம் யாருடையது?" என்று கேட்பது பயன் தரும் என்பது நம் கருத்து. இந்த மனிதரை இப்பொருளோடு ஒப்பிட்டவர் யார்? ஆசிரியரா, பக்கத்து வீட்டாரா, அன்றி அவரேதானா? சில கதைகளை முன்வைத்து இதைக் காண்போம்.

ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செக்கோவ் 1898இல் எழுதிய கதை ஒன்றைத் தமிழில் 'உறைக்குள் வாழ்ந்த மனிதன்' என்று சொல்லலாம். பெலிக்கவ் என்பவன் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் கிரேக்க மொழி ஆசிரியன். வானம் தெளிந்திருக்கும் நாளிலும் காலணிக்கு மேல் ரப்பர் உறையும், பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கியும் அணிந்து குடையோடுதான் வெளியே வருவான். குடைக்கு ஓர் உறை. கடிகாரத்துக்கு ஓர் உறை. பென்சில் சீவும் கத்திக்கும் ஓர் உறை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. எதைக் கேட்டாலும், இதனால் ஏதேனும் விபரீதம் வந்துவிடுமோ என்ற அச்சம். அவனது அச்சம் ஊரையே தொற்றிக்கொள்கிறது. இறுதியில் அவன் இறந்து சவப்பெட்டியில் கிடக்கையில், இனி ஒருபோதும் வெளிவர வேண்டாத உறை ஒன்று கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவன் முகத்தில் தெரிகிறதாம்.

உருவகம் கனகச்சிதமாக அமைந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். நாமும் முதல்முறை படித்தபோது மூடிவிட்டோம். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவன் செக்கோவ் அல்லன். பெலிக்கவோடு பணியாற்றிய பூர்க்கின் என்னும் ஆசிரியன். வேட்டைக்குப் போன இடத்தில், ஒரு களஞ்சியத்தில் இரவு தங்கிய நேரத்தில், தன் தோழன் இவான் இவானிச்சுக்கு அவன் சொல்லும் கதை அது. 'உறை' என்ற உருவகம் அவனுடையது. அத்தகைய மனிதரைப் புதைப்பது பெரியதோர் இன்பம் என்று கூசாமல் சொல்லக்கூடியவன் அவன். இதை மனத்தில் கொண்டு மீண்டும் படித்தால், அவன் வாயிலிருந்து தவறி விழுந்த சில செய்திகள் நம் கண்ணில் படுகின்றன. பெலிக்கவ் தன் மேசைமேல் வாரென்கா என்னும் பெண்ணின் படத்தை வைத்திருந்தான். அவளோடு அவன் கைகோத்து நடப்பதாக யாரோ ஒரு குறும்பன் கேலிச்சித்திரம் வரைந்து ஆசிரியர் அனைவருக்கும் அனுப்பிவிடுகிறான். பெலிக்கவுக்கும் ஒன்று வருகிறது. உலகில் இத்தனை பொல்லாத மனிதரும் உண்டா என்று சொல்லும்போது அவன் உதடுகள் நடுங்குகின்றன. அந்த ஒரு கணத்தில் பூர்க்கினுக்கே அவன்மேல் இரக்கம் பிறக்கிறது.

உறை எங்கே போயிற்று? நடுங்கும் உதட்டுக்கு உறை இல்லை. அந்தக் கேலிச்சித்திரத்திலும் ரப்பர் காலுறையும் குடையும் இருந்தன. பூர்க்கின் சொல்லும் கதையிலும் அவையே இருக்கின்றன. குறும்பன் கோடுகளால் செய்ததை இவன் சொற்களால் செய்துகொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் நமக்குப் படுகிறது. கதையைக் கேட்டு முடித்த இவான் இவானிச், நெருக்கடியான நகரத்தில் பயனற்ற தாள்களை எழுதிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் நாம் வாழ்வதும் ஓர் உறைதானே என்று கேட்கிறார். பூர்க்கின் அதற்கு மறுமொழி சொல்வதில்லை. உறங்கும் நேரமாயிற்று என்கிறான். வெளியே மாவ்ரா என்னும் கிராமத்துப் பெண்ணின் காலடியோசை இருளில் கேட்கிறது. பிறந்த ஊரை விட்டு வெளியே எங்குமே போயறியாதவள். இரவில் மட்டும் தெருவில் நடப்பவள். அவளைப் பற்றி யாரும் கதை சொல்லவில்லை. பெலிக்கவைச் சுட்டிய உருவகத்தைச் செக்கோவ் மெல்லத் திருப்பிக் கேட்பவர் பக்கமும் படிப்பவர் பக்கமும் வைத்துவிட்டார்.

காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'மிஸ் பிரில்' 1920இல் வெளிவந்த மிகச் சிறிய கதை. பிரெஞ்சுக் கடற்கரை நகரொன்றில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைக்கும் தனித்த பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து தன் பழைய நரித்தோல் கழுத்தணியை எடுத்து, தூசி தட்டி, அணிந்துகொண்டு பூங்காவுக்குப் போகிறாள். அதற்கு உயிர் உண்டென்றே அவள் பேசுகிறாள். பூங்காவில் கூடியிருப்போர் எல்லாரும் ஒரு நாடகத்தின் நடிகர். தானும் அதில் ஒருத்தி. ஒரு ஞாயிறு வராவிட்டால் தன்னைத் தேடுவார்கள் என்று அவளுக்கு ஓர் எண்ணம். நாடகம் என்னும் இவ்வுருவகம் முழுவதும் அவளுடையது. தனிமையைத் தாங்குவதற்காக அவளே பின்னிக்கொண்டது. அருகே வந்து அமர்ந்த இளங்காதலர் இருவர் அந்தக் கழுத்தணியைப் பொரித்த மீனுக்கு ஒப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான்! அவளது உருவகத்தை மற்றொருவரின் ஒப்புமை ஒரே நொடியில் அடித்துச் சாய்த்துவிட்டது. வழக்கமாக வாங்கும் இனிப்பு ரொட்டியையும் வாங்காமல் வீடு திரும்பியவள், தோலைப் பெட்டியில் வைத்து மூடும்போது ஏதோ அழுவதுபோல் கேட்டதாக எண்ணுகிறாள். அழுதது எது என்று மான்ஸ்ஃபீல்ட் சொல்லவில்லை. "நரித்தோல் அவளையே குறிக்கிறது" என்று எழுதிவிட்டால் விடை சரியே. ஆனால் அந்த அழுகுரல் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள முடியாதபடி அவள் இருக்கிறாளே, அந்தத் துயரம் விடைக்குள் அடங்காது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஃபிளானரி ஓ'கானரை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். லூப்பஸ் என்னும் கொடிய நோயோடும் ஊன்றுகோலோடும் எழுதி, 1964இல் தம் 39ஆம் வயதில் மறைந்த கத்தோலிக்கப் படைப்பாளர். 'நல்ல நாட்டுப்புறத்து மக்கள்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கதை 1955இல் வந்த தொகுதியில் உள்ளது. சிறு வயதில் வேட்டை விபத்தில் ஒரு காலை இழந்து மரக்கால் பொருத்திக்கொண்ட பெண் அதன் தலைவி. வயது 32, மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவள், எதிலும் நம்பிக்கை இல்லாதவள். பெற்றோர் இட்ட ஜாய் என்ற பெயரை எறிந்துவிட்டு, அழகில்லாத பெயர் என்பதற்காகவே ஹல்கா என்று பெயர் வைத்துக்கொண்டாள். மற்றவர் தம் ஆன்மாவைப் பேணுவதுபோல அவள் அந்த மரக்காலைப் பிறர் அறியாமல் பேணி வருகிறாள். விவிலியம் விற்க வந்த இளைஞன் ஒருவனை வெகுளி என்று எண்ணி அவனுக்குத் தன் அறிவைப் புகட்ட நினைக்கிறாள். வைக்கோல் பரணில் அவன் அந்த மரக்காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் கையிலிருந்த விவிலியம் ஒன்று உள்ளே குடைந்து மதுப்புட்டி வைத்த வெற்றுப் பெட்டி.

மரக்கால் அவளுடைய மரத்துப்போன ஆன்மா என்று நாம் சொல்லலாம். அவள் ஆன்மாவில் ஒரு மரப்பகுதி உண்டு என்பதை ஓ'கானரே தம் கட்டுரை ஒன்றில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் அழுத்திச் சொல்வது வேறு: அது முதலில் மரக்கால், கதை போகப்போகத்தான் அதில் பொருள் ஏறுகிறது. அந்த இளைஞன் அதைத் திருடப்போகிறான் என்பது அவ்விடத்தை எழுதுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு முன்புவரை தமக்கே தெரியாது என்றும் அவர் கூறியிருக்கிறார். கதை எழுதுவோர் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. முன்கூட்டியே பொருளை முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற பொம்மையைத் தேடும் கதைகள் நம் இதழ்களுக்கு வந்து குவிவதை நாம் அறிவோம். அவற்றில் மெழுகுதிரி எரியத் தொடங்கும்போதே தியாகத் தாய் ஒருத்தி வரப்போகிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி நம் மொழிக்கு வருவோம். குறிப்பாகப் பொருள் உணர்த்துவது தமிழுக்குப் புதிதன்று. நிலத்தின் கருப்பொருள்களைக் கொண்டே உள்ளுறை உவமம் அமையும் என்ற தொல்காப்பியர், அவற்றுள் தெய்வத்தை மட்டும் விலக்கினார். நண்டும் நாரையும் எருமையும் தாமாக இயங்க, அவற்றின் இயக்கத்திலே மாந்தரின் செயல் தெரிய வேண்டும் என்பது அந்த மரபு. நிற்க.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வெளிவந்தது. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமலும் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று முன்குறிப்பு எழுதியே அவர் இக்கதையைத் தொடங்குகிறார். கோதம முனிவரின் சாபத்தால் கல்லாகிக் கிடந்த அகலிகை இராமனின் கால்பட்டுப் பெண்ணாகிறாள். நாம் கேட்டு வளர்ந்த கதை அத்துடன் முடியும். புதுமைப்பித்தன் அங்கிருந்து தொடங்குகிறார். கல் உயிர் பெற்றபின் அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள்? கோதமர் மன்னித்துவிட்டார், அன்போடும் நடத்துகிறார். ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்த உட்பொருள் இருக்குமோ என்று அவள் அஞ்சி அஞ்சிச் சாகிறாள். ஊர்ப்பெண்களின் பார்வை அவளைச் சுடுகிறது. பதினான்கு ஆண்டு கழித்து இராமனும் சீதையும் அவர்கள் குடிலுக்கு வருகிறார்கள். சீதை தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவரா கேட்டார் என்று அகலிகை திடுக்கிடுகிறாள். உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அகலிகையால் தாங்க முடியவில்லை. தனக்கு ஒரு நீதி, அவளுக்கு ஒரு நீதியா என்று அவள் உள்ளம் கொதிக்கிறது. பின்னர் அருகில் வரும் கோதமரும் இந்திரனின் வேடமாகவே அவள் கண்ணுக்குப் படுகிறார். நெஞ்சு இறுகுகிறது, அதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கிறது. அவள் மீண்டும் கல்லாகிறாள்.

முதற்கல்லும் இரண்டாவது கல்லும் ஒன்றா? பொருத்துக என்னும் பகுதியில் இரண்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்: கல் என்பது உணர்வின்மை. ஆனால் முதற்கல் முனிவர் அவள்மேல் சுமத்தியது. இரண்டாவது கல்லுக்குச் சாபம் இட்டவர் எவரும் இல்லை. அவளே அதற்குள் போகிறாள். உணர்வு மிகுந்தமையால் வந்த கல் அது. உருவகத்தின் உடைமை கணவரிடமிருந்து மனைவிக்குக் கைமாறியது என்பதில்தான் அகலிகை என்னும் கதைமாந்தர் நமக்கு விளங்குகிறார். இதைப் புதுமைப்பித்தன் ஒரு வரியிலும் விளக்கவில்லை.

இதை எழுதும்போது நமக்கு ஒரு நினைவு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அறிந்தவர் வீட்டு அடக்கச் சடங்கு ஒன்றில், இறந்த மகனின் பக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் இன்றி அமர்ந்திருந்த தாயைப் பார்த்து, "கல்லைப் போல இருக்கிறாளே!" என்று நம் வாயாலேயே சொன்னோம். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு பெரியவர், மூன்று நாள் மருத்துவமனையில் அந்தத் தாய் அழுத அழுகையைச் சொன்னார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி ஏது? அதன்பின் 'சாபவிமோசனத்தை' மீண்டும் படித்தபோது, ஊர்ப்பெண்களின் கூட்டத்தில் நாமும் நின்றுகொண்டிருந்ததைக் கண்டோம்.

சீதையின் தீ மற்றொரு கதையின் தலைப்பாகவும் ஆயிற்று. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தபோது எழுந்த புயலை நம் வாசகருள் மூத்தோர் நினைவில் வைத்திருக்கக்கூடும். கல்லூரி மாணவி ஒருத்தி, கொட்டும் மழை, வழியில் வந்து நின்ற ஒரு பெரிய கார். உலகம் அறியாத அப்பெண் அன்று மாலை கெடுக்கப்பட்டு வீடு வந்து தாயிடம் அழுகிறாள். முதலில் தாயும் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தார் அறியாமல் மறைத்து, மகளை உட்காரவைத்துத் தலையில் நீரைக் கொட்டுகிறாள். தான் கொட்டுவது நீரன்று, நெருப்பு; நீ தூய்மையாகிவிட்டாய் என்பது அவள் சொல்லின் சாரம்.

தலையில் நீர் வார்ப்பதைக் கண்டவுடன் நம்மவர்க்கு உடனே திருமுழுக்கு நினைவுக்கு வரும். வரட்டும்; ஆயினும் அவசரப்பட வேண்டாம். கணவனை இழந்து, ஆசாரங்களுக்கு நடுவே, நாலு பேர் வாய்க்கு அஞ்சி வாழும் எளிய பெண் அவள். அவள் கேட்டு வளர்ந்த கதையில் பெண்ணின் தூய்மையை மெய்ப்பிப்பது தீ. அந்தத் தீயை அவள் மறுக்கவில்லை. மறுக்கும் படிப்பும் துணிவும் அவளுக்கு இல்லை. கிணற்றடி வீட்டில் கைக்கு எட்டிய நீரையே தீ என்று பெயர் சூட்டிவிட்டாள். உருவகம் என்பது அறிஞர்க்கு உரிய அணி என்று நாம் எண்ணுகிறோம். இங்கே மகளைக் காக்க வேறு எதுவும் கையில் இல்லாத ஒரு தாய் அதைப் பிடித்துக்கொள்கிறாள். இவ்வுருவகம் அவளுடையது, ஜெயகாந்தன் அதற்குத் தலைப்பு மட்டுமே தந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவரும் அதை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. அந்தத் தாய்க்கு அச்சொல் வாயில் வராமற் போயிருந்தால் என்ன ஆகும் என்று அவரே எண்ணிப் பார்த்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலை எழுதினார். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற படைப்பு அது. அதே மழை, அதே கார், அதே பெண். இங்கே தாய் ஊர் கேட்கக் கதறிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். 'கெட்டுப்போனவள்' என்னும் பட்டம் கங்கா என்ற அந்தப் பெண்ணின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பாலுக்கும் சோற்றுக்கும் சொல்லும் சொல்லை மனிதருக்குச் சொல்கிறோமே, அதுவும் ஓர் உருவகம்தான் என்பது நமக்கு மறந்தே போய்விட்டது. கங்கா படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், கைநிறையச் சம்பாதிக்கிறாள். ஆயினும் பிறர் சூட்டிய அந்தச் சொல்லுக்குள்ளேயே அவள் வாழ்நாள் கழிகிறது.

ஆண்டுகள் பல சென்றபின் ஒரு நாள், ஓர் இதழில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையைக் கங்கா படிக்கிறாள். தன் வாழ்வே அதில் எழுதப்பட்டிருக்கக் கண்டு, அந்தத் தாய் மட்டும் தன் தாயைப் போல் இல்லாததையும் கண்டு, அவ்விதழைத் தன் தாயிடம் கொடுக்கிறாள். கிழவியாகிவிட்ட அந்தத் தாய் அதைப் படித்துவிட்டு அழுகிறாள்.